கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர்: திருச்சி வழியா, சென்னை வழியா?

தங்கச்சிக்குச் சிங்கப்பூரில் கார்த்திகை மாதம் பிரசவம். அம்மா போய்க் கூட இருக்க வேண்டும். அம்மாவுக்கு அறுபத்தேழு வயது, வலது முழங்காலில் தேய்மானம், இரண்டு பெட்டி நிறைய லேகியமும் பொடியும். கும்பகோணத்திலிருந்து எப்படி அனுப்புவது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. சென்னையில் இருக்கும் தம்பி, "சென்னை வழியா அனுப்பு அண்ணே, டிக்கெட் 3,500 ரூபாய் குறைச்சல்" என்றான். மாமா, "திருச்சியில ஏத்திவிட்டா நாலு மணி நேரம், முடிஞ்சது சோலி" என்றார். இரண்டு பேரும் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு பேருமே கும்பகோணத்து வாசல்படியிலிருந்து கணக்குப் போடவில்லை. அதை நான் போட்டுப் பார்த்தேன்.

முதலில் தூரம். இணையத்தில் திருச்சி–சிங்கப்பூர் என்று தேடினால் ஒரு பக்கம் 1,610 என்கிறது, இன்னொன்று 1,850 என்கிறது, மூன்றாவது 2,980 என்கிறது. தம்பி இதைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் நம்புற மாதிரி இல்லை" என்றான். மூன்றும் ஒன்றுதான். முதலாவது கடல்மைல், அடுத்தது சாதாரண மைல், கடைசியில் இருப்பது கிலோமீட்டர். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகள் கடல்மைலில் பேசுவார்கள், நாம் கிலோமீட்டரில் பேசலாம்.

இந்தத் தூரமெல்லாம் உலக உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தது. அப்படி அளந்தால் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர், சென்னையிலிருந்து சுமார் 2,925. வித்தியாசம் வெறும் 55 கிலோமீட்டர், விமானத்துக்கு நாலைந்து நிமிடம். ஆகவே விமானம் பறக்கும் தூரத்தை வைத்து திருச்சியா சென்னையா என்று முடிவெடுக்கவே முடியாது. முடிவு தரையில்தான் இருக்கிறது.

அந்த நூலை வரைபடத்தில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. திருச்சியில் கிளம்பும் நேர்கோடு மன்னார்குடிக்குத் தெற்கே, திருத்துறைப்பூண்டிக்குக் கொஞ்சம் தெற்கே போய், வேதாரண்யத்துப் பக்கம் கரையைத் தாண்டுகிறது. அதாவது வேதாரண்யத்துக்காரர் சிங்கப்பூர் போக வேண்டுமென்றால், மேற்கே நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் காரில் போய், விமானம் ஏறி, தன் வீட்டுக்கு மேலேயே திரும்பி வந்து கடலுக்குப் போக வேண்டும். (நிஜ விமானம் கோட்டின் மேல் அப்படியே போகாது. வான்வழித் தடங்களும் கட்டுப்பாட்டு அறையும் சொல்கிறபடி கொஞ்சம் விலகிப் போகும். ஆனாலும் திசை அதுதான்.) எங்கள் தாத்தா காலத்தில் இந்தச் சுற்று கிடையாது. 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலேயே ஆளை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போனது. கடலில் ஒரு வாரம் ஆகும், அது வேறு கதை. ஆனால் வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு மாட்டு வண்டியும் ரயிலும் போதும்.

"தஞ்சாவூரிலேயே ரன்வே இருக்கே, அங்கேயிருந்து போக முடியாதா?" என்று அம்மா கேட்டார். அது விமானப்படைத் தளம். 2013-இல் தொடங்கி, 2020-இல் சுகோய் போர் விமானங்கள் வந்து இறங்கின. சத்தம் நமக்கு, பயணம் அவர்களுக்கு.

அடுத்து நேரம். மாமா சொன்ன நாலு மணி நேரம் எப்படி வருகிறது? சின்ன ரக ஜெட் விமானம் மேலே போன பிறகு மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்று மணி 35 நிமிடம். அதோடு ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வாசலைத் தேடி ஊர்வது எல்லாம் சேர்ந்து அரை மணிக்கு மேல். டிக்கெட்டில் நாலு மணி, நாலேகால் மணி என்று போடுவது இதனால்தான். டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுபடி நிற்கும் வரைக்கும்.

இந்த "ஏறி இறங்கும் செலவு" ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதேதான், தூரம் குறைந்தால் அது குறையாது. திருச்சியிலிருந்து சென்னை வான்வழியில் 293 கிலோமீட்டர். ஜெட் வேகத்தில் வகுத்தால் 21 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போடுகிறார்கள், விசிறி வைத்த ஏடிஆர் விமானமென்றால் அதற்கும் கொஞ்சம் மேல். கோயிலுக்குள் இரண்டு நிமிடம் கும்பிட, வாசலில் செருப்பை விட்டு எடுக்கக் கால் மணி நேரம் ஆகிற மாதிரி. அதனால் குறைந்த தூரத்து விமானத்தை நடுவில் சொருகுகிற எந்த யோசனையையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

நேரத்தில் இன்னொரு குழப்பம், அம்மாவே கண்டுபிடித்தது. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "போறப்ப காலையில பத்து மணிக்குக் கிளம்பி சாயங்காலம் நாலே முக்கால்னு போட்டிருக்கு. வர்றப்ப ஆறு மணிக்குக் கிளம்பி ஏழே முக்காலுக்கு வந்துடுது. போக ஏழு மணி நேரம், வர ரெண்டு மணி நேரமா?" என்றார். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது இரண்டரையைக் கழிக்க வேண்டும், வரும்போது கூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் நாலேகால் மணிதான். சாங்கிக்கு அழைத்துப்போக வருகிறவர்களிடம் எப்போதும் அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை நம் ஊர் நேரத்தைச் சொல்லிவிட்டு, அழைத்துப்போக வந்தவர் இரண்டரை மணி நேரம் காத்துக் கிடந்து திட்டியது இன்னும் ஓயவில்லை.

காற்று பற்றியும் ஒரு வார்த்தை. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது, அப்படியானால் ஆடியில் சீக்கிரம் போய்ச் சேரலாமே என்று தோன்றும். நேர் எதிர். தரையில் மேல்காற்று அம்மியைப் பறக்கவிடும் அதே நாளில், விமானம் போகும் முப்பத்தைந்தாயிரம் அடியில் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அதன் உச்சம் இன்னும் மேலே. தென்னிந்தியாவின் தலைக்கு மேல் ஓடும் இந்தக் கீழைக்காற்றுத் தாரையைப் பற்றி வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் எழுதினார். ஆக, ஆடியில் போகிறவருக்கு எதிர்க்காற்று, திரும்புகிறவருக்குத் தள்ளுகாற்று. பத்து இருபது நிமிடச் சமாசாரம்தான். எங்கள் பயணம் ஐப்பசிக் கடைசியில், ஆகவே இது எங்கள் கணக்கில் வரவில்லை. ஐப்பசியின் தொல்லை வேறு, அதற்கு வருகிறேன்.

இப்போது வாசல்படிக் கணக்கு. திருச்சி வழி என்றால், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையம் சுமார் 95 கிலோமீட்டர். தஞ்சாவூர் தாண்டியபின் நாலுவழிச் சாலை, விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டில். பாபநாசம், அய்யம்பேட்டை நெரிசலோடு சேர்த்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது. விமானம் நாலேகால். சாங்கியில் இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் ஒரு மணி நேரம். தங்கச்சி வீடு முக்கால் மணி. மொத்தம் பதினொன்றரை மணி நேரம். நாலு மணி நேரப் பயணம் என்று மாமா சொன்னது இப்படி மூன்று மடங்கு ஆகிவிட்டது, அதுவும் இருப்பதிலேயே நல்ல வழியில்.

சென்னை வழி, இரவு ரயிலில். இதில் எனக்குப் பிடித்த ஒரு வசதி இருக்கிறது. எழும்பூர் வரை போக வேண்டாம். விடியுமுன் தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். ஜி.எஸ்.டி. ரோட்டின் ஒரு பக்கம் ஸ்டேஷன், எதிர்ப்பக்கம் விமான நிலையம். ஒரு தோள்பையோடு போகிற இளவட்டத்துக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை, நானே பலமுறை அப்படிப் போயிருக்கிறேன். அம்மாவுக்கு? தாம்பரத்தில் படி, திரிசூலத்தில் படி, இரண்டு பெரிய பெட்டி, விடியற்காலை நாலரை மணி. டாக்ஸிதான் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்ததிலிருந்து ஒரு மாற்றம் உண்டு. வெளியூர் பஸ் அங்கேயே நின்றுவிடும், விமான நிலையத்துக்கு இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல்.

நேரம் பார்த்தால், வீட்டிலிருந்து ஸ்டேஷன் போய்க் காத்திருக்க முக்கால் மணி, தாம்பரம் வரை ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, அங்கிருந்து முக்கால் மணி, பிறகு மூன்று மணி நேரம் முன்கூட்டி, விமானம் நாலேகால், அந்தப் பக்கம் ஒன்றேமுக்கால். பதினாறரை மணி. ரயில் தாமதமாகலாம் என்பதற்கு இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளாமல் யாரும் போக மாட்டார்கள். ஆக பதினெட்டு, பத்தொன்பது. இதில் இரவுத் தூக்கம் ரயிலிலேயே கழிகிறது என்று தம்பி வாதாடினான். அறுபத்தேழு வயதில் மேல் பர்த் கீழ் பர்த் பார்த்து, விழுப்புரத்தில் முழித்து, "தாம்பரம் வந்துடுச்சா" என்று கேட்டுக்கொண்டே வருவதைத் தூக்கம் என்று நான் எழுத மாட்டேன்.

பணம் நியாயமாகத் தம்பி பக்கம்தான். திருச்சிக்குக் கார் வாடகை எங்கள் தெருவில் கேட்டபோது 2,800 ரூபாய் சொன்னார்கள். சென்னைக்கு அம்மாவோடு நானும் போய்த் திரும்ப வேண்டும். ஏசி டிக்கெட் மூன்றுக்குத் தலா 600 என்றாலும், டாக்ஸி, டிபன் சேர்த்து அதுவும் 2,500-ஐத் தொடுகிறது. ஆகத் தரைச் செலவு ஏறக்குறையச் சமம், விமான டிக்கெட்டில் மிச்சமாகும் 3,500 மிச்சமாகவே நிற்கிறது. இதை நான் மறைக்கவில்லை. 3,500 ரூபாய் கொடுத்து ஏழு மணி நேரமும், பெட்டியைத் தூக்கி இறக்குவதில் மூன்று முறையும் வாங்குகிறோம் என்று பார்த்தேன். எனக்கு அது மலிவாகப் பட்டது. மாணவனாக இருந்த காலத்தில் கேட்டிருந்தால் ரயிலில் நின்றுகொண்டே போயிருப்பேன்.

திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து சிங்கப்பூருக்கு இன்னொரு விமானம் என்பதையும் சிலர் செய்கிறார்கள். மொத்தத் தூரம் சுமார் 3,220 கிலோமீட்டர், நேர்வழியைவிட 240 கூடுதல். அதைவிடப் பெரிய செலவு இடையில் நிற்பது. இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெரும்பாலும் பெட்டி நேரே போய்விடும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் பெட்டியை வாங்கி, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி எடை போட்டு ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் பிந்தி இரண்டாவது போய்விட்டால் காசு போனதுதான். என் சித்தப்பா ஒருவருக்கு அப்படி நடந்து, சென்னையில் ஒரு இரவு தங்கி, மறுநாள் புது டிக்கெட் எடுத்தார். மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று இன்றுவரை அவரிடம் கேட்கத் தைரியமில்லை.

வரைபடத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று கொழும்பு. திருச்சி–கொழும்பு 417 கிலோமீட்டர், கொழும்பு–சிங்கப்பூர் சுமார் 2,750. கூட்டினால் 3,165-ஐ ஒட்டி வருகிறது. சென்னை வழியைவிடக் கொழும்பு வழி சுற்று குறைவு! நம் மாநிலத் தலைநகருக்குப் போய்ச் சுற்றுவதைவிட வேறு நாட்டுக்குப் போய்ச் சுற்றுவது பக்கம். ஒரே டிக்கெட்டில் கிடைத்து, நடுவில் நிற்பது இரண்டு மூன்று மணி நேரம்தான் என்றால், நேர்விமானத்தில் இடமில்லாத நாளில் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

இன்னொன்று கோலாலம்பூர். திருச்சியிலிருந்து 2,690, அங்கிருந்து சிங்கப்பூர் 296. இரண்டையும் கூட்டினால் நேர்தூரத்தோடு சில கிலோமீட்டர்தான் வித்தியாசம். கோலாலம்பூர் விமான நிலையம் அந்த நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தனித்தனி டிக்கெட்டென்றால் அங்கே மறுபடி இமிக்ரேஷன், எப்படியானாலும் மறுபடி ஏறி இறங்கும் செலவு. தூரத்தில் சுற்று இல்லாவிட்டாலும் நேரத்தில் அரை நாள் போய்விடும்.

துபாய் போகிறவர்களுக்காக ஒரு உபரித் தகவல்: திருச்சியிலிருந்து துபாய் சுமார் 2,940 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நடுவே தராசு முள்ளைப் போலத் திருச்சி நிற்கிறது. டெல்டாவில் ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை கிழக்கேயும் அடுத்த வீட்டுப் பிள்ளை மேற்கேயும் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் பறக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றே.

சரி, ஐப்பசிக்கு வருவோம். எங்கள் முடிவை உறுதியாக்கியது பணமோ நேரமோ இல்லை, மழைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலைய ஓடுபாதை முழுகி, சில நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காக மறுபடி மூடினார்கள். அதை அடுத்து விக்கிரவாண்டிப் பக்கம் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. இதைத் தம்பி கவனிக்கவில்லை. மயிலாடுதுறை வழியாகப் போனாலும் சரி, திருச்சி வழியாகப் போனாலும் சரி, இரண்டு ரயில் பாதையும் விழுப்புரத்தில் ஒன்றுசேர்ந்துதான் சென்னைக்குப் போகின்றன. அந்த ஒரு முடிச்சில் தண்ணீர் நின்றால் டெல்டாவுக்குச் சென்னை இல்லை. திருச்சிக்கும் மழை உண்டு, ஆனால் புயல் கரையேறும் ஊர் அது இல்லை. டெல்டாவில் சாலை முழுகினாலும் தஞ்சாவூர் வரை ஏதாவது ஒரு கரைமேட்டு வழி கிடைக்கும்.

மார்கழி, தையில் கணக்கு வேறு. திருச்சியிலும் விடியற்காலைப் பனிமூட்டம் உண்டு. சென்னையில் போகிப் புகை 2018-இல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பியே விட்டது. அந்த மாதங்களில் எந்த ஊரானாலும் பத்து மணிக்கு மேல் கிளம்பும் விமானமாக எடுங்கள், அவ்வளவுதான்.

சென்னைக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனை. திருச்சியின் ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர்தான். அதனால் அங்கே வழக்கமாக வந்து போவது நடுவில் ஒரே நடைவழி வைத்த சின்ன ரக விமானங்கள். 2024 ஜூனில் புது முனையம் பயன்பாட்டுக்கு வந்த பிறகு உள்ளே விசாலம், கோயில் கோபுரமும் ஓவியமுமாகப் பார்க்க அழகு, ஆனால் ஓடுபாதை அதே ஓடுபாதைதான். உங்கள் விமானம் ரத்தானால் திருச்சியில் அடுத்த விமானத்துக்கு மறுநாள் வரைகூடக் காத்திருக்க நேரலாம். சென்னையில் பெரிய விமானங்களும் வருகின்றன, சிங்கப்பூருக்கே ஒரு நாளில் பல. வேலைக்குச் சேர வேண்டிய தேதி, ஆஸ்பத்திரி அவசரம் என்று ஒரு நாள்கூடப் பிசகக் கூடாதவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குப் பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே போகிறோம், ஒரு நாள் பிந்தினால் குடிமுழுகாது.

டெல்டாவில் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருவாரூர்க்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், திருச்சிதான். மயிலாடுதுறையில் இருப்பவர் கொஞ்சம் யோசிக்கலாம். சீர்காழி தாண்டி, கொள்ளிடம் பாலமும் தாண்டிச் சிதம்பரம் போய்விட்டால், தாம்பரம் வரை உட்கார்ந்தபடியே போகிற ரயிலை விட்டுவிட்டு எதிர்த்திசையில் திருச்சிக்குக் கார் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, மழை மாதம் தவிர.

திருச்சி நேர்விமானத்தையே எடுத்தோம். பெட்டி எடையை முன்கூட்டியே இணையத்தில் கூட்டி வாங்கினேன், கவுண்டரில் போய்க் கேட்டால் விலை ஏறிவிடும். நல்லெண்ணெய்ப் பாட்டில் கைப்பையில் இல்லை, பெட்டியில் போகிறது. கடைசியாக இடம் எந்தப் பக்கம் என்று கேட்டது. விமானம் தென்கிழக்கே போவதால் டெல்டா இடது கைப்பக்கம் இருக்கும், பகல் விமானம், வானம் தெளிந்தால் வயலும் வாய்க்காலும் வேதாரண்யத்துக் கரையும் தெரியும் என்று அம்மாவுக்கு வரைபடத்தைக் காட்டி, இடது ஜன்னலைத் தேர்ந்தெடுக்கப் போனேன்.

"ஜன்னல் எதுக்குடா, நான் பாக்காத வயலா? எந்திரிச்சுக் காலை நீட்டணும், ஓரத்து சீட்டு போடு" என்றார். நடைவழி ஓரமாக, கழிப்பறைக்குப் பக்கத்தில், 450 ரூபாய் கட்டிப் போட்டுவிட்டேன்.